காலுக்கு ஒரு சரிவு, மண்ணுக்கு ஒரு சரிவு

வடபழனியில் மலை இல்லை. ஆற்காடு சாலையும் நூறடிச் சாலையும் குறுக்கிடும் அந்த வட்டாரத்தில் மேடென்று சொல்லத்தக்கவை மேம்பாலமும் மெட்ரோ நிலையமும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஓலைக் கொட்டகையில் பழனி ஆண்டவர் படத்தை வைத்துத் தொடங்கிய வழிபாடு, கோயிலாக வளர்ந்து ஊருக்கே பெயரைக் கொடுத்தது. பெயர் சென்னைக்கு வந்தது, குன்று பழனியிலேயே நின்றது. அடிவாரத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்றில் ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏறக்குறைய எழுநூறு படிகள் கொண்ட படிப்பாதை. இன்னொன்று, குன்றைச் சுற்றி வளைந்து ஏறும் யானைப் பாதை. மனிதக் கால் ஏற விரும்பும் செங்குத்தில் யானை ஏறாது என்பதால், ஒரே குன்றுக்கு இரண்டு சரிவுகள் தேவைப்பட்டன. மலைநாட்டில் பல நாள் நடப்பதற்கான நெடும்பாதைகளைப் பற்றி இன்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆர்வம் பெருகிவரும் வேளையில், அந்த இரண்டு வழிகளுக்குள் இருக்கும் அறிவியலைப் பேச வேண்டியிருக்கிறது. நடப்பவருக்கு எது வசதி, எங்கே காட்சி அழகு என்ற கேள்விகளை வைத்தே பாதைகளைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் ஒரு மலைப்பாதை இருபது மழைக்காலம் தாங்குமா என்பதை அந்த இரண்டு கேள்விகளும் முடிவு செய்வதில்லை. பாதையின் சரிவை மண்ணையும் மழையையும் கேட்டுத்தான் வகுக்க வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

முதலில் காலின் பக்கத்தைப் பார்ப்போம். சரிவை விழுக்காட்டில் சொல்வது வழக்கம்: நூறு மீட்டர் முன்னே போகும்போது இருபத்தைந்து மீட்டர் உயர்ந்தால் அது 25 விழுக்காடு ஏற்றம். நடைக்கு ஆகும் ஆற்றலைப் பல காலம் அளந்த இத்தாலிய உடலியல் அறிஞர் ஆல்பர்ட்டோ மினெட்டி, 1995-ல் ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரே உயரத்தை எட்ட வேண்டும், உடலின் திறன் மாறாது என்றால் எந்தச் சரிவில் ஏறுவது சிக்கனம்? அவருக்குக் கிடைத்த விடை சுமார் 25 விழுக்காடு. காரணம் புரியக் கடினமானதல்ல. பாதை மிகவும் மென்மையாக இருந்தால், உயரத்துக்காகச் செலவிடும் ஆற்றலைவிட முன்னே நகர்வதற்காகச் செலவிடுவது அதிகமாகிவிடும். அத்தனை தூரமும் உயரக் கணக்கில் வீண். மிகவும் செங்குத்தாக இருந்தால், தசை தன் திறனின் உச்சத்தை ஏற்கெனவே எட்டிவிட்டதால் கூடுதல் செங்குத்தால் ஆதாயம் எதுவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கால் ஒரு சரிவைக் கண்டுகொள்கிறது. பழைய மலைப்பாதைகளை அளந்தபோது அவையும் இந்த எண்ணை ஒட்டியே அமைந்திருந்தன. அளவுகோல் இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாகச் சுமை தூக்கி நடந்தவர்களின் மூச்சே அளவுகோலாக இருந்திருக்கிறது. இறக்கத்தின் கணக்கு வேறு. சுமார் 10 விழுக்காடு இறக்கத்தில் நடைக்கு ஆகும் ஆற்றல் மிகக் குறைவு. அதைவிடச் செங்குத்தானால் தொடைத் தசைகள் உடலைப் பிடித்து நிறுத்தும் வேலையில் இறங்குகின்றன. மலை இறங்கிய மறுநாள் தொடை வலிப்பது இதனால்தான்.

இனி மண்ணின் பக்கம். காலடி முதலில் செய்வது மண்ணை இறுக்குவது. இறுகிய மண்ணில் துளைகள் மூடிக்கொள்கின்றன. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடுகிறது. பக்கத்துப் புல்தரை குடித்துவிடும் அதே மழை பாதையில் ஓடையாகிறது. அந்த ஓடையின் வேகத்தைச் சரிவு நிர்ணயிக்கிறது. வேகம் சற்றே கூடினாலும் அதன் இழுக்கும் வலிமை பலமடங்காகும்: ஓடும் நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது நீரியலின் பழைய விதி. வேகம் இரட்டித்தால் அறுபத்து நான்கு மடங்கு கனமான கல்லை நீர் நகர்த்தும். அதாவது, நடப்பவருக்குச் சற்றே மூச்சு வாங்கும் ஏற்றம் மண்ணை அரித்துவிடும் ஏற்றமாக இருக்கலாம். நடுவே பள்ளம் விழுந்ததும் நடப்பவர்கள் ஓரத்தில் ஏறி நடக்கிறார்கள், ஓரமும் இறுகுகிறது, அடுத்த மழையில் அங்கேயும் பள்ளம். ஓர் ஒற்றையடிப் பாதை சில ஆண்டுகளில் நான்கைந்து பள்ளங்கள் கொண்ட அகன்ற புண்ணாக மாறுவது இப்படித்தான். காலணி தேய்த்ததாகத் தோன்றும் அந்தப் புண்ணில் காலணியின் பங்கு தொடக்கம் மட்டுமே. மீதியை நீர் செய்கிறது.

இதைத் தடுக்கப் பாதை அமைப்பவர்கள் நெடுநாள் அனுபவத்தில் கண்ட விதிகள் இரண்டு. பாதையின் சராசரிச் சரிவு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஒன்று. பாதையின் சரிவு, அது கடக்கும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவது விதி கொஞ்சம் நின்று யோசிக்கத் தக்கது. மலைமேலிருந்து வரும் நீர் பாதையை வெட்டிக் கடந்து கீழே போய்விட்டால் பிழையில்லை. பாதை வழியாகவே ஓடத் தொடங்கினால்தான் கேடு. நீர் எப்போதும் மிகச் செங்குத்தான திசையையே தேர்ந்தெடுக்கும். 40 விழுக்காடு செங்குத்தான மலைச்சரிவில் 10 விழுக்காடு பாதை போனால் நீர் பாதையைப் பொருட்படுத்தாமல் கீழே இறங்கிவிடும். ஆனால் 12 விழுக்காடு மட்டுமே சரிந்த ஒரு புல்மேட்டில் அதே 10 விழுக்காடு பாதை போனால், நீருக்கு மலையும் பாதையும் ஏறக்குறைய ஒன்றுதான். அது பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். இதில் ஒரு வியப்பு இருக்கிறது. செங்குத்தான மலைப்பக்கத்தைவிட, நடக்கச் சுகமான மேல்மலைப் புல்வெளியே பாதைக்கு ஆபத்தான இடம். கொடைக்கானலுக்கு அப்பால் பேரிஜம், வந்தரவு வரை விரியும் அந்த அலையலையான மேடுகளில் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று கண் சொல்லும். நீரின் கணக்கில் அங்கேதான் மிகக் கவனமாகக் கோடு போட வேண்டும். சோலைகளும் புல்வெளிகளும் மழைநீரைப் பஞ்சுபோலப் பிடித்துவைத்து மாதக்கணக்கில் ஓடைகளுக்கு விடுகின்றன. அந்தப் பஞ்சில் கீறல் விழுந்தால் இழப்பு நடப்பவருக்கு மட்டுமில்லை, அடிவாரத்து வயலுக்கும்தான்.

கால் 25 கேட்கிறது, மண் 10-க்கு மேல் தராது. ஆயிரம் மீட்டர் ஏற காலின் கணக்கில் நான்கு கிலோமீட்டர் போதும். மண்ணின் கணக்கில் பத்து கிலோமீட்டர் வேண்டும். இந்த ஆறு கிலோமீட்டர் வித்தியாசத்தில்தான் மலைப்பாதைகளின் வரலாறே அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை 1921-ல் பென்டன் மெக்காய் முன்மொழிந்தார். சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அது 1937-ல் முழுமை பெற்றது. அதன் தொடக்ககாலப் பகுதிகள் பலவும் சிகரத்தை நோக்கி நேராக ஏறின. மண் அரித்துப்போய் வெறும் பாறையும் வேரும் தெரியும் வழிகளாக அவை மாறின. அதன்பின் பல இடங்களில் பாதையை மலைச்சரிவின் குறுக்கே மாற்றி அமைக்க நேர்ந்தது. மேற்குக் கரையோரத்தின் பசிபிக் கிரெஸ்ட் பாதை குதிரைகளும் போகும்படி திட்டமிடப்பட்டதால், 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி வகுக்கப்பட்டது. விலங்குக்காகச் செய்த சலுகை மண்ணைக் காத்தது.

நம் மலைகளில் இது புதிய அறிவல்ல. பழனி மலைத்தொடரை 1821-ல் லெப்டினன்ட் வார்டு அளந்தார். 1845 முதல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறினார்கள். அங்கே மோட்டார் போகும் காட் ரோடு திறந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அதுவரை பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்கு ஏறும் குதிரைப் பாதையே வழி. அதன் நீளம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். எட்டிய உயரத்தை அந்தத் தூரத்தால் வகுத்தால் சராசரிச் சரிவு 10 விழுக்காட்டை ஒட்டியே வருகிறது. டோலி தூக்கியவர்களின் தோளும் குதிரையின் குளம்பும், இன்றைய பாதையியல் நூல்கள் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கின்றன. இலங்கையின் மலையகத்திலும் அப்படித்தான். இந்தியக் கட்டுமானப் பொறியியல் மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கும் ஒரு கருவியின் பெயர் சிலோன் காட் ட்ரேசர். ஒரு கோலில் தொங்கும் குழல், அதனடியில் நகர்த்தக்கூடிய ஓர் எடை, அவ்வளவுதான். எடையை வேண்டிய சரிவுக்கு நகர்த்தினால் குழல் அந்த அளவுக்குச் சாயும். அதன் வழியே பார்த்து அடுத்த அடையாளக் கோலை நட வேண்டும். மலைச்சாலையின் கோட்டை இப்படித்தான் ஒரே சரிவில் இழுத்துச் சென்றார்கள். கருவியின் பெயரிலேயே இலங்கை இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. மலையகத்தின் தோட்டச் சாலைகளை வெட்டியவர்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போன தொழிலாளர்கள். தலைமன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக் காடுகள் வழியே நடந்தே மலையேறியவர்கள் அவர்கள். அந்த நடையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தார்கள். இன்று கண்டிக்கு அருகில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நெடும்பாதை, 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 22 பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அதில் பெரும்பகுதி புதிதாக வெட்டியதல்ல. அந்தப் பழைய தோட்டச் சாலைகளையும் தொழிலாளர் நடந்த வழிகளையும் கோத்தது. உலகப் பயணிகள் இன்று ரசித்து நடக்கும் அந்த மென்மையான ஏற்றம், தேயிலை மூட்டை ஏற்றிய வண்டிக்காகவும் அதை இழுத்த மாட்டுக்காகவும் அளக்கப்பட்டது. அதை வெட்டிய கைகளின் பெயர் அந்தப் பாதையோரப் பலகைகளில் இடம்பெற வேண்டும் என்று கேட்பது நியாயமே.

மண்ணைக் கேட்டுச் சரிவை வகுக்க வேண்டும் என்ற வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு நம் மரபிலிருந்தே வரும். படிக்கட்டு இருக்கும்போது சரிவைப் பற்றி ஏன் கவலை? பழனியிலும் சோளிங்கரிலும் திருத்தணியிலும் படி கட்டித்தானே மலை ஏறுகிறோம்? இது சரியான கேள்வி. கல்படி ஓடும் நீரின் வேகத்தை ஒவ்வொரு விளிம்பிலும் உடைத்துவிடுகிறது; காலடியைக் கல்லே தாங்குகிறது. செங்குத்தான இடத்தில் மண்ணைக் காக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் 150 மீட்டர் குன்றுக்கு எழுநூறு படி என்றால், 1,500 மீட்டர் ஏறும் நெடும்பாதைக்கு ஏழாயிரம் படி வேண்டும். குஜராத்தின் கிர்னார் மலையில் ஏறக்குறைய பத்தாயிரம் படிகள் இருக்கின்றன. நூற்றாண்டுக் கணக்கான பக்தியும் நன்கொடையும் அவற்றை நிலைநிறுத்தியிருக்கின்றன. ஆளில்லாத மலைப்பக்கத்தில் பெயர்ந்த படியை யார் மறுபடி பதிப்பார்கள்? முழங்கால் வலிக்குப் பயந்து படியின் ஓரத்து மண்ணில் இறங்கி நடப்பவர்களால் படிக்கட்டின் இருபுறமும் வாய்க்கால் விழுவதும் உண்டு. ஆகவே நெடும்பாதையில் படியைத் தேவையான சில இடங்களுக்கு மருந்துபோல வைத்துக்கொள்ளலாம். பாதை முழுவதையும் அதைக்கொண்டு அமைக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு மனித இயல்பைப் பற்றியது. 10 விழுக்காட்டில் வளைத்து வளைத்துப் பாதை போட்டாலும், ஆட்கள் இரண்டு வளைவுகளுக்கு நடுவே குறுக்கு வழி உண்டாக்கிவிடுவார்கள். உண்மைதான், அதற்கான காரணத்தையும் மினெட்டியின் எண்ணிலிருந்தே புரிந்துகொள்ளலாம். 10 விழுக்காடு காலுக்கு அலுப்பூட்டும் சரிவு. மேலே அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிந்தால் கால் தானாக நேரே ஏறப் பார்க்கும். ஒழுக்கக் குறைவு என்று இதைத் திட்டிப் பயனில்லை. கொண்டை ஊசி வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், ஒரே திசையில் நெடுந்தூரம் ஏறவிட்டு, பாறையோ அடர்ந்த புதரோ மறைக்கும் இடத்தில் மட்டும் திருப்ப வேண்டும். அடுத்த சுற்று கண்ணில் படாவிட்டால் குறுக்கே வெட்டும் எண்ணம் வராது. ஏற்றத்துக்கு நடுவே இருபது முப்பது மீட்டருக்கு ஒருமுறை பாதை சற்றே இறங்கி மறுபடி ஏறும்படி செய்தால், அந்தத் தாழ்வில் நீர் வெளியேறிவிடும், காலுக்கும் மூச்சுக்கும் ஓய்வு. கட்டைகளைக் குறுக்கே புதைத்து நீரைத் திருப்பும் முறையைவிட இது உறுதியானது. கட்டை அழுகும், அதன் பின்னால் வண்டல் நிரம்பும். தாழ்வுக்குப் பராமரிப்பு குறைவு.

மூன்றாவது மறுப்பு மிகக் கனமானது. மலையை ஏன் விட்டுவைக்கக் கூடாது? நடக்கவே வேண்டாமே? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. காய்ந்த புல் மூடிய சரிவில் நெருப்பு மேல்நோக்கி ஓடும்போது, சரிவு ஒவ்வொரு பத்துப் பாகை கூடும்போதும் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் கற்கும் பாடம். அதே சரிவில் மனிதனின் வேகமோ குறையும். கோடையில் பாதைகளை மூடுவது சரியான முடிவு. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் மண்ணின் சேதத்தைப் பொறுத்தவரை, தடை போட்டால் மட்டும் மலை பிழைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் குறைவு. டேவிட் கோல் போன்ற சூழலியலாளர்கள் புல்தரைகளில் எண்ணி எண்ணி நடக்கவைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்தது இது: சேதத்தின் பெரும்பகுதி முதல் சில நூறு காலடிகளிலேயே நேர்ந்துவிடுகிறது, அதற்குப் பின் நடப்பவர் எண்ணிக்கை பலமடங்கானாலும் சேதம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆயிரம் பேர் ஒரே கோட்டில் நடப்பதைவிட, அனுமதியில்லாமல் ஐம்பது பேர் ஐம்பது திசையில் நடப்பது புல்வெளிக்குப் பெருங்கேடு. நன்கு அமைந்த ஒரு பாதை, மலையின் மற்ற பரப்பு முழுவதையும் காலடியிலிருந்து காக்கிறது.

ஆனாலும் இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்தில் ஜி.பி.எஸ். கருவி பூட்டிய வட கென்யாவின் யானைகள் செங்குத்தான மேடுகளை ஏறக்குறைய முற்றிலும் தவிர்ப்பது தெரிந்தது. பல டன் எடையை மேலே தூக்க அவற்றுக்கு ஆகும் ஆற்றல் அவ்வளவு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் யானைகள் தேர்ந்தெடுப்பவை மென்மையான சரிவுகளும் முகடுகளின் தாழ்வுகளுமே. அதாவது, மண் நமக்குப் பரிந்துரைக்கும் அதே கோடுகளில்தான் யானை நடக்கிறது. மண்ணுக்கு நல்லது என்பதற்காக யானையின் வழியை மனிதன் எடுத்துக்கொண்டால் ஒரு கேட்டுக்கு இன்னொரு கேட்டை மாற்றியதாகும். அத்தகைய இடங்களில் மனிதப் பாதைதான் ஒதுங்க வேண்டும்; செங்குத்தான பக்கத்தில் கல்படி வைத்துப் போகட்டும், அல்லது அங்கே பாதையே வேண்டாம். பழனியில் மனிதருக்குப் படியையும் யானைக்கு வளைந்த வழியையும் பிரித்து வைத்தவர்கள் இந்த முடிவுக்குத் தங்கள் வழியில் வந்திருக்கிறார்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளை இணையப் பதிவு மூலம் திறந்தது. வழிகாட்டிகளாக அந்தந்த வட்டாரத்துப் பழங்குடி மக்களும் மலைக்கிராமத்தினரும் நியமிக்கப்பட்டது பாராட்டத்தக்கது. இவை பெரும்பாலும் ஒருநாள் வழிகள். இவற்றைக் கோத்து ஒரு நெடும்பாதை வரவேண்டும் என்ற ஆசை நியாயமானது. பழனி மலையிலிருந்து ஆனைமலை வரை அதற்கான நிலம் இருக்கிறது. ஆனால் டிக்கெட்டும் பெயர்ப்பலகையும் வருமுன் வரவேண்டியது அளவை. ஒவ்வொரு வழியிலும் சரிவை நூறு மீட்டருக்கு ஒருமுறை அளந்து, 10 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களையும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டும் இடங்களையும் குறித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் பள்ளத்தின் ஆழத்தைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு சாய்வுமானி, ஓர் அளவுநாடா, அந்த மலையை அறிந்த இரண்டு வழிகாட்டிகள் போதும். எந்த வழியை மாற்ற வேண்டும், எதை மூட வேண்டும் என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

நடப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏறும் வழியில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே புல் தேய்ந்து ஒரு குறுக்கு வழி தெரிந்தால், அதில் கால் வைக்காதீர்கள். இரண்டு மூன்று கற்களையோ காய்ந்த முள்ளையோ அதன் வாயில் போட்டுவிட்டு, வளைவைச் சுற்றியே ஏறுங்கள்.